ஒருமைக்குப் போட்ட ஆர்

வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. 1997ஆம் ஆண்டு, எனக்கு வயது 23. ஒரு தனியார் நிறுவனத்தின் கிடங்குப் பிரிவில், கிளை அலுவலகங்களுக்குப் போகும் கடிதங்களைத் தட்டச்சு செய்வது என் பணி. அதுவரை பழைய கடிதங்களைப் பார்த்துத் தேதியையும் எண்ணையும் மட்டும் மாற்றி அடித்துக்கொண்டிருந்த நான், அன்று முதன்முறையாக ஒரு கடிதத்தைச் சொந்தமாக ஆங்கிலத்தில் எழுதி மேலாளரின் மேசையில் வைத்தேன். நான்கே வரிகள். கடைசி வரி, 'தி லிஸ்ட் ஆஃப் ஸ்பேர் பார்ட்ஸ் ஆர் என்க்ளோஸ்டு'. உதிரிபாகங்களின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது என்று சொல்ல நினைத்திருந்தேன். அரை மணி நேரத்தில் கடிதம் திரும்பி வந்தது. 'ஆர்' என்ற சொல்லைச் சுற்றி மேலாளர் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டிருந்தார். திட்டவில்லை, கூப்பிட்டு விளக்கவில்லை, பக்கத்தில் 'இஸ்' என்று எழுதக்கூட இல்லை. வட்டம் மட்டுமே இருந்தது.

விதி தெரியாமல் எழுதியிருந்தால் அந்த வட்டம் இத்தனை ஆண்டு என்னைத் தொடர்ந்து வந்திராது. விதி எனக்கு மனப்பாடமாகத் தெரியும். எழுவாய் ஒருமையானால் வினையும் ஒருமை, எழுவாய் பன்மையானால் வினையும் பன்மை என்பதை எங்கள் ஆங்கில ஆசிரியர் பிரம்பால் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்திருந்தார். ரென் அண்டு மார்ட்டின் இலக்கண நூலின் அட்டை கிழியும்வரை புரட்டியவன் நான். 'ஹீ கோ' என்றோ 'தே கோஸ்' என்றோ ஒருநாளும் எழுதியதில்லை. அப்படிப்பட்டவனுடைய விரல் 'லிஸ்ட்' என்ற ஒருமைச் சொல்லில் வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு, மூன்று சொல் தள்ளி 'ஆர்' என்று அடித்திருக்கிறது. அடித்த பிறகு இரண்டு முறை படித்தும் பார்த்தேன், கண்ணில் படவில்லை. தெரிந்த ஒன்று கை தவறிப் போவது தெரியாமல் இருப்பதைவிட அதிகம் உறுத்துகிறது.

தமிழின் மேல் போட்ட பழி

பக்கத்து மேசையில் இருந்த மூத்த எழுத்தர் வட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல எழுதினா இப்படித்தான் வரும் தம்பி" என்றார். ஆறுதலாகச் சொன்னதுதான். அதை நான் அப்படியே நம்பினேன். ஏறக்குறைய 20 ஆண்டுகள், என் ஆங்கிலத்தில் எந்தப் பிழை நேர்ந்தாலும் அதற்குக் காரணம் தாய்மொழி என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

இப்போது நினைத்தால் அந்தக் குற்றச்சாட்டு எவ்வளவு பொருந்தாதது என்று வியப்பாக இருக்கிறது. எழுவாயும் வினையும் ஒத்துப்போக வேண்டும் என்பதில் தமிழ் காட்டும் கண்டிப்பில் பத்தில் ஒரு பங்குகூட ஆங்கிலத்தில் இல்லை. 'வந்தேன்' என்று சொன்னால் போதும், வந்தவன் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 'வந்தாள்' என்றால் வந்தவள் ஒருத்தி, பெண், பேசுபவளும் அல்லள், கேட்பவளும் அல்லள் என்பது வரை அந்த விகுதியே சொல்லிவிடுகிறது. தொல்காப்பியர் இதற்கென்றே ஒரு நூற்பா வைத்திருக்கிறார். 'வினையின் தோன்றும் பாலறி கிளவியும் பெயரின் தோன்றும் பாலறி கிளவியும் மயங்கல் கூடா தம்மரபினவே' என்பது சொல்லதிகாரத்தின் கிளவியாக்க இயலில் 11ஆம் நூற்பா. வினை காட்டும் பாலும் பெயர் காட்டும் பாலும் ஒன்றோடொன்று கலந்து மயங்கக் கூடாது என்பது அதன் பொருள். 'அவன் வந்தாள்' என்று எழுத்தறியாத பாட்டியும் சொல்ல மாட்டாள். இப்படிப்பட்ட மொழியில் பிறந்தவன் ஆங்கிலத்தின் ஒரேயொரு 'எஸ்' முன்னால் தடுமாறுகிறான் என்றால், தடுமாற்றத்தின் ஊற்றை வேறெங்கோ தேட வேண்டும்.

ஆங்கிலத்துக்கும் முன்பு விகுதிகள் இருந்தன. பழைய ஆங்கிலத்தில் நிகழ்காலத்தில் தன்மை ஒருமைக்கு ஒன்று, முன்னிலை ஒருமைக்கு ஒன்று, படர்க்கை ஒருமைக்கு ஒன்று, பன்மைக்கு மூவிடத்துக்கும் பொதுவாக ஒன்று என்று வினையின் வால்கள் வெவ்வேறாக இருந்தன. காலப்போக்கில் அவை தேய்ந்து, படர்க்கை ஒருமையின் வால் மட்டும் மிஞ்சியது. அதுவும் தென் இங்கிலாந்தில் 'எத்' என்று இருந்தது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் கர்த்தர் எதைச் செய்தாலும் 'மேக்கெத்', 'கிவெத்' என்றே வரும். வடக்கு வட்டாரங்களில் வழங்கிய 'எஸ்' மெல்லத் தெற்கே இறங்கி வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கிழக்கு இங்கிலாந்தின் நார்விச் பக்கத்து வட்டார வழக்கில் அந்த எஸ்ஸும் உதிர்ந்துபோய் 'ஷீ கோ' என்பதே இயல்பான பேச்சாக இருப்பதை மொழியியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதே தொடரை எங்கள் வகுப்பில் சொல்லியிருந்தால் பெஞ்சின் மேல் நிற்க வேண்டியிருந்திருக்கும்.

தமிழின் பக்கம் ஒரு குறை இருப்பதையும் மறைக்கக் கூடாது. அஃறிணைப் பன்மையை நாம் பேச்சில் ஏறக்குறைய தொலைத்துவிட்டோம். 'புயலில் மரங்கள் விழுந்தன' என்று எழுதுகிறோம். தேநீர்க் கடையில் நின்று பேசும்போது 'மரமெல்லாம் விழுந்துருச்சு' என்கிறோம். எழுத்திலும் 'விலைகள் உயர்ந்தது', 'பேருந்துகள் ஓடியது' என்று நாள்தோறும் பார்க்கிறேன். ஆகவே என் பேச்சுத் தமிழ்தான் ஆங்கிலத்துக்குள் புகுந்தது என்று வைத்துக்கொண்டால், உயிரற்ற பொருள்கள் எத்தனை இருந்தாலும் ஒருமை வினை போடும் பழக்கம் அல்லவா புகுந்திருக்க வேண்டும்? 'ஆர்' வர வேண்டிய இடத்தில் 'இஸ்' வந்திருந்தால் தமிழைக் குற்றம் சொல்லலாம். நான் செய்தது அதற்கு நேர்மாறான பிழை. ஒரே ஒரு பட்டியலுக்குப் பன்மை வினை போட்டிருக்கிறேன். அந்த மூத்த எழுத்தரின் விளக்கம் இந்த இடத்தில் உடைந்துவிடுகிறது. ஆனால் அதற்கு மாற்றாக எந்த விளக்கமும் எனக்கு நெடுநாள் கிடைக்கவில்லை.

மேளங்களின் சத்தம்

என் அக்கா மகள் பட்டப்படிப்பு முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். பள்ளி முழுக்கத் தமிழ்வழியில் படித்தவள். கணக்கில் புலி, ஆங்கிலப் பகுதி என்றால் மட்டும் முகம் சுருங்கும். அந்தத் தேர்வில் ஒரு வாக்கியத்தை நான்கு துண்டாக நறுக்கிக் கொடுத்து, எந்தத் துண்டில் பிழை இருக்கிறது என்று கேட்பார்கள். பிழையே இல்லை என்பது ஐந்தாவது விடை. இந்த வகைக் கேள்வியில் எழுவாய்க்கும் வினைக்கும் பொருந்தாத வாக்கியம் ஒன்றாவது இல்லாமல் இருப்பது அரிது. விடுமுறையில் வந்திருந்தவள் ஒரு மாதிரித் தாளை என்னிடம் நீட்டினாள். வாக்கியம் இதுதான்: 'தி சவுண்ட் ஆஃப் தி டிரம்ஸ் வேர் ஹெர்ட் ஃப்ரம் தி டெம்பிள்'.

நான் ஆசிரியர் தோரணையில் நிமிர்ந்து உட்கார்ந்து, "முதல்ல சப்ஜெக்ட் எதுன்னு கண்டுபிடிம்மா. அது சிங்குலரா ப்ளூரலான்னு பாரு. அப்புறம் வெர்பைப் பாரு" என்றேன்.

"அதான் மாமா தெரியல. சப்ஜெக்ட் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. வினைக்கு முன்னால் வருவது என்று சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன். வினைக்கு நேர் முன்னால் நிற்பது 'டிரம்ஸ்'. வாக்கியத்தில் முதலில் வருவது என்று சொன்னால் அடுத்த கேள்வியிலேயே அது பொய்யாகும். நான் யோசிக்கும் நேரத்தில் அவள் தாளை எடுத்துத் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டாள். "கோயில்லேர்ந்து மேளங்களோட சத்தம் கேட்டுச்சு. கேட்டது மேளமா, சத்தமா? சத்தம்தானே மாமா கேட்டுச்சு. சத்தம் ஒண்ணுதானே?" என்றாள். பிறகு அவளே, "தமிழ்ல சொன்னா ஈசியாத் தெரியுது. சத்தம்தான் கேட்டுச்சு பக்கத்துல போய் நிக்குது" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

நான் போகவில்லை. அவள் சொன்ன கடைசிச் சொற்களைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். சத்தம் வினையின் பக்கத்தில் போய் நிற்கிறது. தமிழில் பெயரை விளக்க வரும் எதுவும் அந்தப் பெயருக்கு முன்னால்தான் வரும். மேளங்களின் சத்தம், உதிரிபாகங்களின் பட்டியல், நேற்று வந்த கடிதங்களின் நகல் என்று எவ்வளவு நீட்டினாலும், யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அந்தப் பெயர் தொடரின் கடைசியில் வந்து வினையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஆங்கிலத்தில் அந்தப் பெயர் முன்னால் வந்துவிடுகிறது; அதற்குரிய விளக்கங்கள் 'ஆஃப்' என்ற கொக்கியில் மாட்டிக்கொண்டு பின்னால் தொங்குகின்றன. வினை வரும்போது பக்கத்தில் நிற்பது எழுவாய் அன்று, அதன் வால்.

அதோடு இன்னொன்றும் புலப்பட்டது. எழுவாய் வேற்றுமைக்கு உருபு கிடையாது என்று ஆறாம் வகுப்பில் படித்ததை அதுவரை ஒரு வெற்றுத் தகவலாகவே வைத்திருந்தேன். உருபு ஏற்காமல் வெறுமனே நிற்பதுதான் எழுவாய். மற்றவையெல்லாம் தம் வாலில் ஓர் அடையாளத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும். 'உதிரிபாகங்களின்' என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில், வினையைச் செய்வது இது அன்று, வேறொன்று வரப்போகிறது என்று காதுக்குத் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த அடையாளம் சொல்லின் முன்னால் தனிச்சொல்லாக வந்துபோகிறது. 'ஆஃப்' கடந்துபோன பிறகு 'ஸ்பேர் பார்ட்ஸ்' எந்த உருபும் இல்லாமல், எழுவாய் எப்படி நிற்குமோ அதே கோலத்தில் நிற்கிறது. உருபு இல்லை, வினைக்கு அண்டை வீட்டுக்காரன். தமிழில் எழுவாயாக இருக்க வேண்டிய இரண்டு தகுதியும் அதற்கு இருக்கிறது, பன்மையிலும் இருக்கிறது. என் விரல் அதை எழுவாய் என்று நம்பி 'ஆர்' போட்டிருக்கிறது.

அன்றிலிருந்து ஐயம் வரும் ஆங்கில வாக்கியத்தை மனத்துக்குள் ஒருமுறை தமிழில் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். 'ஒன் ஆஃப் தி பாய்ஸ்' என்பது பையன்களில் ஒருவன் என்று ஆகும்போது ஒருவன் வந்தான் என்பதில் குழப்பமே இல்லை. 'எ நம்பர் ஆஃப் பீப்பிள்' என்பதற்குப் பன்மை வினையும், 'தி நம்பர் ஆஃப் பீப்பிள்' என்பதற்கு ஒருமை வினையும் ஏன் என்று பள்ளியில் காரணம் சொல்லாமல் நெட்டுரு போட வைத்தார்கள். தமிழில் முன்னது 'பலர்', பின்னது 'மக்களின் எண்ணிக்கை'. பலர் வந்தார்கள், எண்ணிக்கை கூடியது. தமிழில் யோசித்தால் தவறு வரும் என்று சொன்னவரிடம் இதைக் காட்டியிருக்க வேண்டும். நான் அன்று செய்த பிழை தமிழில் யோசித்ததால் வந்ததே அன்று. யோசித்திருந்தால் வந்திருக்காது.

உதவாத இடங்கள்

இந்த உற்சாகம் சில வாரங்களில் கொஞ்சம் தணிந்தது. முதல் காரணம், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இதே குழியில் விழுகிறார்கள் என்று தெரிந்தது. 1991இல் கேத்ரின் பாக், கேரல் மில்லர் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வாக்கியத்தின் முற்பகுதியைக் கொடுத்து மீதியை வாயால் முடிக்கச் சொல்வது அவர்களின் முறை. ஒருமை எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் ஒரு பன்மைப் பெயர் நின்றால் பேசுபவர்கள் பன்மை வினைக்கு இழுக்கப்பட்டார்கள். பன்மை எழுவாய்க்குப் பின் ஒருமைப் பெயர் நின்றபோது அவ்வளவாக இழுபடவில்லை. பட்டியல், பாகங்கள், 'ஆர்' என்ற என் வாக்கியம் அப்படியே அந்த முதல் வகை. ஆங்கில இலக்கணிகள் இதைப் பிழை என்பதோடு விடாமல் பெயரும் வைத்திருக்கிறார்கள். 1985இல் குவர்க், கிரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் ஆகிய நால்வரும் சேர்ந்து எழுதிய பெரிய இலக்கண நூல், எழுவாய் வினை இயைபை வடிவம், பொருள், அருகாமை ஆகிய மூன்று விசைகளும் சேர்ந்து தீர்மானிக்கின்றன என்று விளக்குகிறது. அருகாமை என்னை மட்டும் இழுக்கவில்லை என்பதில் ஒரு நிம்மதி. அதே சமயம், உருபு இல்லாமல் நிற்கும் பெயரைக் கண்டு ஏமாந்த தமிழ்க் காது என்று நான் கட்டிய கதைக்கு அது முழுச் சான்று ஆகாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. குழி ஆங்கிலச் சொல்வரிசையில் இருக்கிறது, யாரும் விழலாம். தமிழில் திருப்பிப் போட்டுப் பார்ப்பது அதைச் சுற்றிப் போக நமக்குக் கிடைத்த ஒரு பக்கவழி, அவ்வளவே.

பக்கவழி எல்லா இடத்துக்கும் போவதில்லை. 'ஒன் ஆஃப் தோஸ் விமன் ஹூ' என்று தொடங்கி அடுத்து 'ஹேவ்' வருமா 'ஹேஸ்' வருமா என்பது தேர்வுத்தாள்காரர்களுக்கு மிகவும் பிடித்த கேள்வி. தமிழில் இது 'பாடத் தெரிந்த பெண்களுள் ஒருத்தி' என்று ஆகிவிடும். 'தெரிந்த' என்பது பெயரெச்சம்; அதற்குத் திணையும் இல்லை, பாலும் இல்லை. தெரிந்தவர்கள் அந்தப் பெண்கள் எல்லோருமா, அந்த ஒருத்தி மட்டுமா என்று வினை சொல்லாது. ஆங்கிலம் கேட்கும் கேள்வியைத் தமிழ் கேட்பதே இல்லை என்பதால் விடையும் அதனிடம் இல்லை. 'அவனோ நானோ' என்று தொடங்கும் வாக்கியத்திலும் இதே நிலைதான். 'அவனோ நானோ வருவேன்' என்பதும் சரியாக இல்லை, 'வருவான்' என்பதும் சரியாக இல்லை. ஆகவே 'அவனோ நானோ வரலாம்' என்று விகுதியே வேண்டாத ஒரு வினைக்குள் நுழைந்து தப்பிக்கிறோம். ஆங்கிலேயரும் இங்கே 'மே', 'வில்' என்று எஸ் ஏற்காத துணைவினைகளுக்குள் நுழைந்து தப்பிப்பதைப் பார்த்திருக்கிறேன். விகுதிக்கு அஞ்சி ஒளிவதில் இரு மொழிக்காரர்களுக்கும் வேறுபாடு இல்லை.

கூட்டத்தைக் குறிக்கும் பெயர்கள் இன்னும் வேடிக்கையானவை. ஒரு குழுவில் மனிதர்கள்தாம் இருக்கிறார்கள், ஆனாலும் 'குழு முடிவு செய்தது' என்று அஃறிணை ஒருமையில் சொல்கிறோம். உயர்திணையைக் குறித்தாலும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்கள் என்று தொல்காப்பியர் அடுக்கும் பட்டியலில் குடிமை, விருந்து, அரசு, குழவி ஆகியவற்றோடு குழுவும் இருக்கிறது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'தி கமிட்டி ஹேவ் டிசைடடு' என்று பன்மையில் சொல்வது வழக்கம்; அமெரிக்கர்கள் ஒருமையை விரும்புவார்கள். கிரிக்கெட் வர்ணனையில் 'இந்தியா ஆர்' என்று கேட்டு வளர்ந்த நமக்கு அதில் எந்த உறுத்தலும் இல்லை. நாட்டைப் பற்றிய செய்தியில் 'இந்தியா ஆர்' என்று வந்தால் திடுக்கிடுவோம். நாடு ஒன்று, ஆட்டக்காரர்கள் பதினொருவர். அமெரிக்கா ஒன்றா பலவா என்பதிலேயே ஒரு காலத்தில் இரு வழக்கு இருந்தது. அடிமைமுறையை ஒழித்த 1865ஆம் ஆண்டின் 13ஆம் அரசமைப்புத் திருத்தத்தில் அந்நாட்டின் பெயருக்குப் பதிலாக வரும் சுட்டுச்சொல் 'தேர்' (அவற்றின்) என்று பன்மையில் இருக்கிறது. இப்படி வினை எண்ணைச் சொல்லும் இடத்தில் பல நேரம் பேசுபவரின் பார்வையும் வெளிப்பட்டுவிடுகிறது. இதையெல்லாம் நான்கு துண்டாக நறுக்கி ஒரு விடையில் அடைப்பது எப்படி நேர்மையாகும் என்று அக்கா மகளிடம் பொருமினேன். "மாமா, எனக்கு மார்க் வேணும்" என்றாள்.

எனக்கு மிகவும் பிடித்தது, மரியாதைக்காக வினை தன் எண்ணை மாற்றிக்கொள்ளும் இடம். 'யூ' என்பது முதலில் பலரை விளிக்கும் சொல். ஒருவரை மதித்துப் பன்மையில் அழைக்கத் தொடங்கி, பிறகு எல்லோருக்கும் அதுவே ஆகி, ஒருமைக்குரிய 'தௌ' வழக்கொழிந்தது. நாம் ஒருவரை 'நீங்கள்' என்பது போலத்தான். ஒருவரைக் குறிக்கும்போது 'யூ வாஸ்' என்று ஒருமை வினை போடும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில் நல்ல பரவலாக இருந்தது. 1762இல் வெளிவந்த தம் இலக்கண நூலில் ராபர்ட் லோத் அதைக் கடுமையாகக் கண்டித்தார். ஒரே ஆளாக இருந்தாலும் 'யூ ஆர்', 'யூ வேர்' என்று பன்மை வினையே இன்று இலக்கணம். தொல்காப்பியர் இந்த வகையில் லோத்தைவிட நிதானமானவர். ஒருவரைப் பன்மையால் கூறுவது 'வழக்கின் ஆகிய உயர்சொல் கிளவி, இலக்கண மருங்கின் சொல்லாறு அல்ல' என்கிறார். வழக்கில் இருக்கிறது, உயர்த்திச் சொல்வதற்காக வந்தது, இலக்கண நெறிப்படி சொல்லும் முறை அன்று என்று மூன்றையும் சொல்லிவிட்டு, தடை எதுவும் போடாமல் அடுத்த நூற்பாவுக்குப் போய்விடுகிறார்.

இதைப் படித்த இரவில் அந்தப் பழைய மேலாளர் நினைவுக்கு வந்தார். அவர் ஒருவர்தாம். வட்டம் போட்டிருந்தார், நினைவுக்கு வந்தார் என்றுதான் இந்தக் கட்டுரையிலும் எழுதியிருக்கிறேன். அந்த 'ஆர்' விகுதி பலர்பாலுக்கு உரியது. ஒருமைக்கு ஆர் போட்டதற்காக என்னைத் திருத்தியவரை, 1997இலிருந்து ஒருமைக்கு ஆர் போட்டே எழுதிவருகிறேன்.